சொல்லால் வரையும் சித்திரம்

படம் வரைவது கையின் தொழில் என்றே நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோம். கண் பார்க்கும், கை அதைக் கோட்டில் பிடிக்கும், சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கொத்தனாரிடம் வேலை சொல்லும் மேஸ்திரியை நினைத்துப் பாருங்கள். இந்த முளையில் கயிற்றைக் கட்டு, நான்கு முழம் விட்டுப் பிடி, சுற்றி வந்து கோடு போடு என்கிறார். அவர் வட்டத்தை வரையவில்லை, சொன்னார். அதைக் கேட்டு யார் போட்டாலும் அதே வட்டந்தான் விழும். கணினியில் வெக்டார் சித்திரம் என்று வழங்கப்படுவது இவ்வாறு சொல்லப்பட்ட சித்திரமே ஆகும். செயற்கை நுண்ணறிவின் வகைகளுள் மொழி மாதிரி எனப்படும் யந்திரம், இத்தகைய சித்திரத்தை நாம் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருகிறது. அஃது எவ்வாறு இயல்கிறது, எதுவரை அதனை நம்பலாம் என்பதை இப்பேச்சில் ஆராய்வோம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. நாகபுரியிலோ அகமதாபாத்திலோ போபாலிலோ உள்ள தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்கு ஓர் அழைப்பிதழும் ஒரு வாயில் பதாகையும் அடிக்க விரும்புகிறது. மதுரையில் அச்சகத்துக்குப் போனால், ஒற்று விட்டுப்போயிற்று என்று அச்சுக் கோப்பவரே சொல்லித் திருத்திவிடுவார். அகமதாபாத்து அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் இருப்பது அரிது. முன்பெல்லாம் சங்கத்து அன்பர் ஒருவர் கையால் எழுதிக் கொடுப்பார். அச்சகத்தார் அதைப் படம் பிடித்து அப்படியே அடிப்பர். இப்போதோ வாலிபர் ஒருவர் கைப்பேசியில் யந்திரத்தைக் கேட்டு ஐந்து நிமிஷத்தில் படத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். யந்திரம் செய்த பிழை, இடையில் எவரும் தடுக்காமல், நேரே வாயிலில் ஏறி நிற்கும். அதைத் தம் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டும் தாய் தந்தையரும் இருக்கிறார்கள்.

முதலில் வெக்டார் சித்திரம் இன்னதெனத் தெளிவோம். செய்தித்தாளில் வரும் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், அது சிறு சிறு புள்ளிகளின் கூட்டம் என்பது தெரியும். கைப்பேசியில் எடுக்கும் படமும் அவ்வகைத்தே. அஞ்சலட்டை அளவில் அழகாக இருந்த படத்தைப் பத்தடிப் பதாகைக்குப் பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகின்றன. படிக்கட்டுப் போன்ற ஓரங்கள் தோன்றுகின்றன. வெக்டார் சித்திரத்தில் புள்ளிகள் இல்லை, கட்டளைகளே உள்ளன. நூறு அலகு அகலமும் நூறு அலகு உயரமும் உள்ள தாளில், குறுக்கே 50, கீழே 50 என்னும் இடத்தை மையமாகக் கொண்டு 40 அலகு ஆரத்தில் வட்டம் வரைந்து, உள்ளே மஞ்சள் பூசு என்று எழுதியிருக்கும். அக்கட்டளையைப் படிக்கும் கணினி, அஞ்சலட்டையானாலும் அரண்மனைச் சுவரானாலும், அந்த அளவுக்கு உரிய வட்டத்தைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறது. ஓரம் கெடுவதில்லை.

இக்கட்டளைகளை எழுதுவதற்கென ஏற்பட்ட பொது மொழிக்கு எஸ்.வி.ஜி. என்று பெயர். உலகளாவிய வலைக்குரிய தரங்களை வகுக்கும் கூட்டமைப்பு 2001-ஆம் ஆண்டில் அதன் முதல் பதிப்பை ஏற்றுக்கொண்டது. அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து படிக்கலாம் என்பதே நம் பொருளுக்கு முக்கியமானது. வட்டம், செவ்வகம், கோடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. வளைந்து நெளிந்து செல்லும் உருவங்களுக்குப் பாதை என்னும் கட்டளை உண்டு. பேனாவை இங்கே வை, அங்கே நேர்க்கோடு இழு, அப்பால் வளைத்துக் கொண்டுபோ, தொடங்கிய இடத்தில் மூடு என்று ஓரெழுத்துக் கட்டளைகளும் எண்களுமாக அது நீண்டு செல்லும்.

இங்கே வளைவைச் சொல்லும் முறை சற்றுச் சுவையானது. மோட்டார் வண்டித் தொழிலில் பிறந்தது. பிரான்சு நாட்டில் சித்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் த காஸ்தல்யோ 1959-இலும், ரெனால்ட் நிறுவனத்தின் பியேர் பெஸியே 1960-களிலும், வண்டியின் உடல் வளைவுகளை எண்களால் குறிப்பதற்கு ஒரே வழியைத் தனித்தனியே கண்டனர். வளைவின் இரு முனைகளும் இன்னும் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் போதும். வளைவு அவ்விரண்டையும் தொடவேண்டுவதில்லை. காந்தம் இழுப்பதுபோல் அவை அதனைத் தம் பக்கம் இழுத்து வடிவம் கொடுக்கின்றன. வளைவுக்குப் பெஸியேயின் பெயரே நிலைத்துவிட்டது. முந்திக் கண்டவரின் பெயர், அவருடைய நிறுவனம் அதனை இரகசியமாக வைத்திருந்தமையால், பின்தங்கிப் போயிற்று. இன்று கணினியில் நாம் காணும் தமிழ் எழுத்துக்களின் வளைவுகளும் இவ்வகைப் புள்ளிகளாலேயே அமைந்தவை.

இனி மொழி மாதிரிக்கு வருவோம். அது ஏராளமான எழுத்துக்களைப் படித்துப் பழகிய யந்திரம். இதுகாறும் வந்த சொற்களை நோக்கி, அடுத்து வரத்தக்க துண்டு எது என்று கணித்துக் கணித்தே அது எழுதுகிறது. அது படித்தவற்றுள் கதையும் கட்டுரையும் மட்டும் இல்லை. நிரல்கள் உண்டு, வலைப்பக்கங்கள் உண்டு, அப்பக்கங்களுக்குள் எழுத்தாகவே அமைந்த எஸ்.வி.ஜி. சித்திரங்களும் உண்டு. ஆகவே சூரியன் என்ற குறிப்புக்குப் பின் மஞ்சள் வட்டமும் அதனைச் சுற்றிக் கோடுகளும் வருவதை அது பலமுறை கண்டிருக்கிறது. சித்திரம் எழுத்தாக இருப்பதனால், எழுத்து யந்திரம் சித்திரமும் வரைகிறது. வண்ணப் படங்களைப் புள்ளி புள்ளியாகத் தோற்றுவிக்கும் வேறு வகை யந்திரங்களும் உண்டு. அவை இப்பேச்சின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஆய்வாளர் இத்துறையில் சிறிது காலமாகவே உழைத்து வருகின்றனர். மக்கள் விளையாட்டாகக் கிறுக்கிய ஐந்து கோடிப் படங்களைத் திரட்டி, 2017-இல் கூகுள் நிறுவனத்தார் பேனா அசைவுகளை யந்திரத்துக்குக் கற்பித்தனர். ஆனால் பலரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது 2023-இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனை. ஜி.பி.டி.-4 என்னும் மாதிரியிடம், நெற்றியில் ஒற்றைக் கொம்புடைய கற்பனைக் குதிரையை, டிக்ஸ் என்னும் வரைகலை மொழியில் எழுதச் சொன்னார்கள். குழந்தை போட்ட படம் போன்ற ஒரு குதிரை வந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த நிரலிலிருந்து கொம்பை நீக்கி, எண்களையும் மாற்றி, விளக்கக் குறிப்பு ஒன்றும் இல்லாமல் திருப்பிக் கொடுத்து, கொம்பைச் சேர் என்றார்கள். அது தலையின்மேல் கொம்பை வைத்தது. வெறும் எண்களின் வரிசையில் தலை எது என்று அது எவ்வாறோ தேர்ந்திருக்கிறது! இதனை அறிவு என்பதா, பழக்கம் என்பதா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நாம் அதற்குள் புகவில்லை.

2024 முதல் இன்னொரு சோதனையும் பெயர் பெற்றது. சைமன் வில்லிசன் என்னும் நிரலாளர், புதிய மாதிரி எது வந்தாலும், சைக்கிள் ஓட்டும் கூழைக்கடாவை எஸ்.வி.ஜி.யில் வரையும்படி கேட்கிறார். கூழைக்கடா என்பது வேடந்தாங்கலுக்கும் வரும் பெரிய நீர்ப்பறவை. அலகின் கீழே பை தொங்கும். அது சைக்கிள் ஓட்டும் படத்தை யந்திரம் முன்னமே கண்டிருக்க வழியில்லை என்பதே சோதனையின் உட்கருத்து. தொடக்கத்தில் வந்த படங்கள் நகைப்புக்கு இடமாயின. சக்கரம் இரண்டும் செம்மையாக வரும், அவை வட்டங்கள் ஆதலால். ஆனால் சட்டங்கள் சக்கரத்தைத் தொடா. பறவையின் கால் மிதியை எட்டாது. அலகு கழுத்தை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும். பிந்தி வந்த மாதிரிகள் எவ்வளவோ தேறியுள்ளன.

பிழை எவ்வகையில் நேர்கிறது என்பதைக் கவனித்தால், அதனைத் தவிர்க்கும் வழியும் புலப்படும். யந்திரம் எழுதும்போது தான் எழுதுவதைப் பார்ப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவதை ஒக்கும் அதன் நிலை. சக்கரத்தின் மையத்தை 120 என்று எழுதி நாற்பது வரி கழிந்த பின், சட்டத்தின் நுனியையும் அதே 120-இல் கொண்டுவந்து முடிக்க வேண்டும். அந்த இடத்தில் பழக்கம் வேறோர் எண்ணை முன்னுக்குத் தள்ளிவிடலாம். போதாததற்கு, இச்சித்திரத்தில் எண்கள் மேல் இடது மூலையில் தொடங்கிக் கீழ் நோக்கிப் பெருகுகின்றன. பள்ளியில் கற்ற வரைபடத்தாளுக்கு இது நேர்மாறு. அன்றியும், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதன்மேல் படியும். பானையை வரைந்த பின் பொங்கும் நுரையை எழுதாமல், நுரையை எழுதிய பின் பானையை எழுதினால், நுரை மறைந்துபோகும்.

ஆகவே யந்திரத்திடம் ஒரே மூச்சில் முழுப் படத்தையும் கேட்பது தகாது. தாளின் அளவை முதலில் சொல்லுதல் வேண்டும். பானை, கரும்பு, சூரியன் என ஒவ்வோர் உறுப்பையும் பெயரிட்ட தனித்தொகுதியாக எழுதச் சொல்லுதல் வேண்டும். வந்த படத்தைத் திறந்து பார்த்து, கரும்பின் தோகை பானையை மறைக்கிறது, அதனை இடப்புறம் நகர்த்து என்று சொன்னால், அத்தொகுதி மட்டும் மாறும். இன்றைய மாதிரிகளுள் பல, படத்தைப் பார்த்துப் பொருள் சொல்லவும் வல்லவை. வரைந்து முடித்ததை அதனிடமே படமாகக் காட்டிப் பிழை கேட்டால், தன் பிழையைத் தானே கண்டுகொள்வதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்பு எழுத்தாக இருப்பதனால் நாமே திறந்து எண்ணை மாற்றலாம். மஞ்சள் சற்று அடர்ந்திருக்க வேண்டுமா? அந்தச் சொல்லை மாற்றினால் போதும்.

கோலம் என்று சொன்னோம். அதனை இன்னும் சிறிது விரிப்பது தகும். சொல்லிலக்கணத்தைக் கொண்டு சித்திரம் ஆக்கலாம் என்பதைத் தமிழ்நாட்டு அறிஞர்களே, மொழி மாதிரிகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, கோலத்தை வைத்து ஆராய்ந்திருக்கின்றனர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிருதிவாசனும், கோலங்களைத் தோற்றுவிக்கும் இலக்கண விதிகளைப் பற்றி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சொல்லுக்கு விதி இருப்பதுபோல் கோட்டுக்கும் விதி உண்டு. சிறிய விதி திரும்பத் திரும்ப வந்து பெரிய கோலம் ஆகிறது என்பது அதன் சாரம்.

மொழி மாதிரியிடம், ஐந்து புள்ளி ஐந்து வரிசைச் சிக்குக் கோலம் ஒன்று எஸ்.வி.ஜி.யில் வரை என்று கேட்டால் என்ன வரும்? புள்ளிகள் அணிவகுத்து நிற்கும், அது சுலபம். இழைதான் சிக்கல். புள்ளியைச் சுற்றாமல் அதன் மேலேறிப் போகும். நடுவில் அறுந்து நிற்கும். சில சமயம் கோலமே அல்லாது மேல்நாட்டுப் பூவேலைப்பாடு ஒன்றைத் தந்துவிட்டுக் கோலம் என்று சொல்லும். நம் வீட்டு மூத்த பெண்மணி ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் இழை மூடவில்லை என்பாள். வெளியூரில் வளரும் பெண்குழந்தைக்கு அது தெரியாது. யந்திரம் தந்ததே கோலம் என்று அவள் கற்றுக்கொள்வாளாயின், பாட்டியிடமிருந்து வரவேண்டிய கணக்கு ஒன்று அவளிடம் வந்து சேராமலே போகும்.

கணக்கு என்றது வெறும் அலங்காரச் சொல் அன்று. சிக்குக் கோலத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்குச் சரி நடுவில் இரண்டு காரியங்களுள் ஒன்றே நிகழலாம்: இழைகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும், அல்லது கடக்காமல் வளைந்து, தத்தம் புள்ளியைச் சுற்றித் திரும்பும். ஒரு புள்ளிக்கு நான்கு பக்கம். பக்கத்துக்கு இரண்டு வகை. ஆக 16 அமைப்பு. திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுவனவற்றை விலக்கினால் எஞ்சுவன 6. எங்கும் வெட்டாவிடில் வட்டம். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் நீர்த்துளி. எதிரெதிர் இரு பக்கம் வெட்டினால் கண் போன்ற வடிவம். நான்கு பக்கமும் வெட்டினால் வைரம். இந்த ஆறு அச்சுக்களைத் திருப்பித் திருப்பி அடுக்கியே எண்ணிறந்த கோலங்களைப் போட்டுவிடலாம். இழை எங்கும் அறாது. எல்லா இடங்களிலும் வெட்டும்படி விட்டால், நேர்ப்புள்ளி மூன்றுக்கு நான்கில் ஒரே இழை வரும். மூன்றுக்கு மூன்றில் மூன்று இழை வரும். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை இழை. சாக்கட்டியை எடுத்துத் தரையில் போட்டுப் பார்த்தால் மெய் தெரியும்.

யந்திரத்திடம் வளைவுகளின் எண்களை நேரே கேட்காமல், இந்த விதியைச் சொல்லி, இதன்படி கோலத்தை வரையும் நிரல் ஒன்று எழுது என்று கேட்டால், பெரும்பாலும் ஒழுங்கான கோலம் கிடைக்கிறது. ஆயிரம் எண்களைத் தன் நினைவில் பொருத்துவதை விட, ஒரு விதியைச் சரியாக எழுதுவது அதற்கு எளிது. பொருத்தும் வேலையை நிரல் பார்த்துக்கொள்ளும். மார்கழி மாதத்துக்கு முன்பே, தமிழ் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும் உள்ள தாளும் விடைக் கோலமும் இவ்வாறு அச்சிட்டுக் கொடுக்கலாம். இரண்டடி வாசலே உள்ள அடுக்குமாடி வீட்டுக்கும் சங்கத்து முற்றத்துக்கும் ஒரே கோப்பு போதும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன பதாகைக்கு வருவோம். எஸ்.வி.ஜி.யில் எழுத்தை இரண்டு வகையாக அமைக்கலாம். எழுத்தை எழுத்தாகவே வைத்து, இன்ன எழுத்துருவில் காட்டு என்று கட்டளையிடுவது ஒன்று. எழுத்தின் வடிவத்தை வளைவுகளாகவே வரைந்துவிடுவது மற்றொன்று. மொழி மாதிரியை இரண்டாம் வழியில் விடுதல் ஆகாது. ழகரத்தை அது எழுத்தாக எத்தனையோ முறை படித்திருக்கிறது. வடிவமாக வரைந்து பழகியது மிகக் குறைவு. வளைவுகளால் வரையச் சொன்னால், ழகரமும் மகரமும் கலந்தாற்போன்ற ஓர் உருவம் வந்து நிற்கும். தமிழ் அறியாதவருக்கு அது தமிழ் எழுத்தாகவே தோன்றும், அதுதான் அபாயம்.

முதல் வழியிலும் ஒரு கண்ணி உண்டு. பொங்கல் என்னும் சொல்லின் முதல் எழுத்தைக் கணினி பகரமாகவும், அதன்பின் ஓர் உயிர்க்குறியாகவும் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது அக்குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைப் பகரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். இணைய உலாவிகள் இதனைச் செவ்வனே செய்கின்றன. ஆனால் அச்சகத்தில் உள்ள பழைய மென்பொருள்கள் சிலவற்றுக்கு அந்த வித்தை தெரியாது. கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நாம் குறித்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிடில், எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வரும். வட நாட்டு நகரங்களில் தமிழ்ப் பதாகைகள் உருக்குலைந்து தொங்குவதற்கு, அச்சகத்தாரின் அசட்டையை விட இதுவே பெரிதும் காரணம் என்பது எமது கருத்து.

இதற்குச் செய்யத்தக்கது யாதெனில், பானையையும் கரும்பையும் தோரணத்தையும் யந்திரம் வரையட்டும். தமிழ்ச் சொற்களை அது எழுத்தாகவே வைக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைக் குறிப்பிடச் சொல்லலாம். பின்னர் அக்கோப்பை இங்க்ஸ்கேப் போன்ற இலவச வரைகலை மென்பொருளில் திறக்க வேண்டும். அங்கே எழுத்தைத் தேர்ந்து, உருவைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், எழுத்துருவில் உள்ள செம்மையான வளைவுகளே சித்திரத்தின் பகுதியாகிவிடும். அதன்பின் எந்த ஊர் அச்சகத்திலும் கொம்பு இடம் மாறாது.

ஆனால் பாதையாக மாறிய எழுத்தைத் திருத்த இயலாது. ஆகையால் மாற்றுவதற்கு முன்பே, தமிழ் நன்கு அறிந்த இருவரேனும் அதனை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். லகர ளகர ழகரங்களையும், நகர னகர ணகரங்களையும், ஒற்று மிகும் இடங்களையும் தனித்தனியே நோக்குக. வாழ்த்துக்கள், வாழ்த்துகள் என்னும் பூசல் சங்கக் கூட்டத்தில் எழத்தான் செய்யும்; அதனையும் அப்போதே முடித்துக்கொள்வது நலம். எழுத்து எழுத்தாக உள்ள மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்தினால், அடுத்த ஆண்டு தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு சிறு குறிப்புக்கள். எஸ்.வி.ஜி. கோப்புக்குள் படத்தோடு ஓடும் நிரலையும் மறைத்து வைக்க முடியும். முகம் தெரியாதவர் அனுப்பிய கோப்பை உலாவியில் திறவாதிருப்பது நல்லது. மற்றொன்று நிறத்தைப் பற்றியது. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு யந்திரமோ நான்கு மைகளைக் கலக்கிறது. திரையில் தளதளவென்று தெரிந்த இளம்பச்சை, துணியில் மங்கி விழும். முழுப் பதாகையை அடிக்குமுன் கையகலத் துண்டு ஒன்று அடித்துத் தரும்படி அச்சகத்தாரைக் கேட்டால், பலர் மறுக்காமல் தருவர். அதனைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும்.